விரல் மட்டும் உள்ளே வரட்டும்

எங்கள் இன்ஸ்டிட்யூட் மாடிப்படிக்குக் கீழே செருப்பு விட ஒரு பலகை போட்டிருந்தேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளே அதைக் காட்டிச் சொல்வேன்: "செருப்பை இங்க விட்டுரு. மூளையையும் இங்கயே விட்டுரு. விரல் மட்டும் உள்ள வரட்டும்." பிள்ளைகள் சிரிக்கும். கூட வந்த தாய் தகப்பனும் சிரிப்பார்கள். தொழில் தெரிந்தவன் பேச்சு என்று அவர்கள் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். முப்பது வருஷத்துக்குக் குறையாமல் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பேச்சுக்குக் கணக்குத் தீர்க்கவே இதை எழுதுகிறேன். டைப்ரைட்டிங் வாத்தியார் அப்படி என்ன பாவம் செய்துவிட முடியும் என்று தோன்றலாம். நான் போலிச் சான்றிதழ் விற்றதில்லை. பரீட்சைக் கூடத்தில் யாருக்கும் தாள் மாற்றிக் கொடுத்ததில்லை. லோயரிலும் ஹையரிலும் எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் முதல் வகுப்புதான். என் குற்றம் அவர்களைத் தேற வைத்த விதத்தில் இருக்கிறது.

கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய்க் கடைக்கு மேல்மாடியில் 1984இல் ஆரம்பித்தேன். மதுரையில் வாங்கிய ஆறு பழைய மெஷின்கள்: நாலு ரெமிங்டன், ஒரு ஃபேசிட், தமிழுக்கென்று ஒன்று. மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போய் மெஷினாகத் திரும்பி வந்தது. கீழே வெல்லப்பாகு காயும். மேலே 'ஏ எஸ் டி எஃப்' ஓடும். இப்போது எங்கேயாவது பாகு வாடை வந்தாலும் என் சுண்டுவிரல் தானாக 'ஏ'யைத் தேடும்.

காலை ஐந்தரை மணி பேட்ச்சில் மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அப்படியே தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அம்மாக்கள் நிறையப் பேர். எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்யும் இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் மேசை, நாற்காலி, ஃபேன் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தரையில் உட்கார்ந்து மரச்சட்டத்தின் பள்ளங்களில் ஒவ்வொரு குச்சியாக அடுக்க வேண்டும். முடிக்கிற சட்டத்துக்குத் தகுந்த கூலி. கண் எங்கேயோ இருக்கும், வாய் பக்கத்தில் இருப்பவளோடு பேசிக்கொண்டிருக்கும், கை மட்டும் அடுக்கிக்கொண்டே போகும். அப்படி ஒரு தாய் என்னிடம் சொன்னாள்: "எங் கை இப்பிடியே தேஞ்சு போச்சு சார். இவ கையாவது ஃபேன் காத்துல வேல பாக்கட்டும்."

"நீ கவலைப்படாதே தாயி" என்றேன். அவள் மகளையும் செருப்புப் பலகையைத் தாண்டி உள்ளே கூப்பிட்டேன். மூளையை வெளியே விடச் சொல்லித்தான்.

டைப்ரைட்டிங் பரீட்சை தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. இந்தச் 'சொல்' என்பது அர்த்தமுள்ள சொல் அல்ல. ஐந்து தட்டு தட்டினால் ஒரு சொல் என்பது கணக்கு. 'மாவட்ட ஆட்சியர்' என்பதும் கணக்கில் இத்தனை தட்டு, உளறலும் இத்தனை தட்டு. இந்தக் கணக்கை வைத்துத்தான் நான் பிழைத்தேன். ஆனாலும் பரீட்சையை வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் அல்ல. வேகத் தாளோடு இன்னொரு தாளும் வைத்திருக்கிறார்கள். அடித்தும் திருத்தியும் ஓரத்தில் செருகியும் கிடக்கும் கையெழுத்துக் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொண்டு ஒழுங்காக அடிக்க வேண்டும். கலைந்து கிடக்கும் எண்களைப் பத்தி பிரித்து, தலைப்பு நடுவில் நிற்க, ஸ்டேட்மென்ட் ஆக்க வேண்டும். எந்தத் தலைப்புக்குள் எது அடங்கும், எந்தப் பத்தி எத்தனை எழுத்து அகலம் கேட்கும், காகிதத்தில் மிச்சம் எவ்வளவு என்று யோசிக்காமல் அதைச் செய்ய முடியாது.

ஆனால் யோசிக்காமல் செய்ய நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய கேள்வித்தாள்களையெல்லாம் சேர்த்து, மாதிரி வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மார்ஜின் எத்தனை, டேப் எங்கெங்கே என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பிள்ளைகள் அதை மந்திரம் மாதிரி ஒப்பித்தார்கள். நாலு பத்தி ஸ்டேட்மென்ட்டா? பத்து, இருபத்தெட்டு, நாற்பது, ஐம்பத்திரண்டு. தலைப்பு என்ன, எண் என்ன, எதற்கு இந்த அட்டவணை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்த நோட்டைக் காப்பி எடுக்கப் பக்கத்து ஊர் இன்ஸ்டிட்யூட்காரர்கள்கூட வந்தார்கள். நான் பெருமையாகக் கொடுத்தேன்.

கேட்ட ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

1994, ஆகஸ்ட் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால். பன்னிரண்டு மெஷின் ஓடும் அறையில் ஒன்று நின்றுபோனால் வாத்தியார் காதுக்கு அதுதான் முதலில் கேட்கும். ஜன்னலோர மெஷின் நின்றிருந்தது. ஹையர் படித்த பெண். போய்ப் பார்த்தால் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பயிற்சித் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா?"

"சார், கூட்டல் தப்பா இருக்கு. ஆயிரத்து நூத்தி நாப்பது வரணும். இதுல ஆயிரத்து நூத்தி நாலுன்னு போட்டிருக்கு."

தாள் நான் தயாரித்தது. தப்பும் என்னுடையது.

"உன்னைக் கூட்டச் சொன்னாங்களா, அடிக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டேன். கையில் மர ஸ்கேல் இருந்தது. தூக்கியிருந்த விரல்களின் கணுவில் ஒரு தட்டு. பிறகு வகுப்பைப் பார்த்து, "இந்தம்மா ஆடிட்டர் ஆகப் போகுதாம், எல்லாரும் கணக்கைக் கொண்டாந்து குடுங்க" என்றேன். ஒரே சிரிப்பு. அவள் குனிந்து 1104 என்று அடித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு ஆடிட்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. நான் கூப்பிட்டதும் அப்படித்தான்.

அறியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தால் என் மச்சான் குறுக்கே வந்து நிற்கிறார். மனைவியின் அண்ணன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்போசிட்டர். ஈய எழுத்தைக் கேஸிலிருந்து பொறுக்கி ஸ்டிக்கில் கோப்பவர். கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாகக் கிடக்கும் எழுத்தைத் தினத்தந்தி படிக்கிற வேகத்தில் படிப்பார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய முதலாளி கம்ப்யூட்டரும் லேசர் பிரின்டரும் வாங்கினார். நாலு கம்போசிட்டர்களில் மூன்று பேருக்குச் சீட்டுக் கிழிந்தது. மச்சான் மட்டும் நாற்பது வயசுக்கு மேல் பேஜ்மேக்கர் மென்பொருள் கற்றுக்கொண்டு அதே அச்சகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தார். போன மூன்று பேரில் ஒருவர் எழுத்துப் பொறுக்குவதில் இவரைவிட இரண்டு மடங்கு வேகம். ஒரு பொங்கலுக்கு வந்திருந்தபோது சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன், அவர் ஏன் போனார், நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று.

"எழுத்துப் பொறுக்குறதைத்தான மாப்ள மெஷின் எடுத்துக்கிட்டுது? ஒரு பக்கம் பாக்க எப்படி நிக்கணும், ஒரு வார்த்தையை எங்க உடைச்சா அசிங்கமாத் தெரியும், ஒரு கல்யாணப் பத்திரிகையில யார் பேரு மேல வரணும், அதெல்லாம் அதுக்கு யார் சொல்றது?" என்றார். "அவன் கை வேகம். கோத்தது என்னன்னு கேட்டா அவனுக்குத் தெரியாது."

ரசம் ஊற்றிக்கொண்டு கேட்டேன். நன்றாகப் புரிந்தது. மறுநாள் காலை ஐந்தரைக்குப் போய், அதே மாடிப்படியில் நின்று, புதிதாக வந்த ஒரு பையனிடம் செருப்புப் பலகையைக் காட்டினேன்.

ஏன் என்று நானே என்னைப் பல தடவை கேட்டிருக்கிறேன். பதில் ஒன்றும் ஆழமானது அல்ல. யோசித்து அடிக்கிற பிள்ளைக்கு முதல் நாலு மாதம் வேகம் வராது. ஆறு மாதத்தில் பரீட்சை. எதிர்த்தெருவில் இன்னொரு இன்ஸ்டிட்யூட் திறந்துவிட்டார்கள். என் போர்டில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று எழுதியிருந்தது. அது இல்லையென்றால் வட்டிக்கடைக்காரருக்கு யார் பதில் சொல்வது? பிள்ளைகளும் பெற்றோரும் கேட்டது சான்றிதழை. நான் கொடுத்ததும் அதைத்தான். வாங்கியவரும் விற்றவரும் திருப்தியாக இருந்த வியாபாரம். சரக்கு எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்தவன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

1999இல் நானும் கம்ப்யூட்டர் வாங்கினேன். நாலு பழைய பெட்டி, சென்னை ரிச்சி தெருவிலிருந்து. போர்டில் 'கம்ப்யூட்டர் கல்வி மையம்' என்று சிவப்பில் ஒரு வரி கூடியது. நான் அதைக் கற்றுக்கொண்டது இருபது நாளில். கற்றுக்கொடுத்தது எப்படி என்றால், அதே நோட்டு முறைதான். 'மேலே இடது ஓரம் ஃபைல். அதைத் திற. ஐந்தாவது வரி சேவ் ஆஸ்.' பக்கம் பக்கமாகப் படம் போடாத வழிகாட்டி. சேமிப்பது என்றால் என்ன, எதற்கு ஒரே கோப்பை இரண்டு பெயரில் வைக்க வேண்டும், கட்டத்துக்குள் எழுதும் கணக்கு எப்படித் தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது, இதெல்லாம் என் நோட்டில் கிடையாது. எனக்கே அப்போது அரைகுறைதான். கட்டணம் மட்டும் டைப்புக்கு மூன்று மடங்கு.

2007இல் மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸ் மென்பொருளின் மேல்வரிசையை அடியோடு மாற்றியது. பழைய மெனு போய், பட்டையாக ஒன்று வந்தது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ரிப்பன்'. டைப்ரைட்டிங் வாத்தியார் தலையில் இதைவிடப் பொருத்தமாக யாரும் குட்ட முடியாது. அந்தப் பதிப்பு நம் ஊர் அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு மாலை போன் வந்தது. திருநெல்வேலியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்த என் பழைய மாணவன். குரல் நடுங்குகிறது.

"சார், ஃபைலைக் காணோம்."

"எந்த ஃபைல்டா?"

"அந்த ஃபைலே சார். மேல இடது ஓரத்துல இருக்குமே. அந்த இடத்துல ஏதோ வட்டமா ஒரு பொத்தான் இருக்கு. அதைத் தொட்டா எதுவும் அழிஞ்சிருமா?"

அவன் முட்டாள் அல்ல. ஹையரில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். தொட்டுப் பார்க்கப் பயப்படக் கற்றுக்கொடுத்தது நான். என் வகுப்பில் தப்பான விசையைத் தொட்டால் ஸ்கேல்தானே வரும். போனை வைத்துவிட்டு அந்த வட்டப் பொத்தானை நானும்தான் தேடினேன்; என்னிடம் இருந்தது பழைய பதிப்பு.

தமிழ்த் தட்டச்சு விஷயத்தில் இன்னும் மோசம். தமிழ் டைப்ரைட்டருக்கு விசைப்பலகை அமைத்த யாழ்ப்பாணம் முத்தையா என்ற மனிதரைப் பற்றி ஒரு நாளும் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை அத்தனை சின்னப் பலகைக்குள் அடக்க வேண்டுமே என்று யோசித்து, புள்ளி மாதிரிக் குறிகளுக்கு உருளையை நகர்த்தாத விசைகளை வைத்தார். குறி முதலில் விழும், எழுத்து அதன் மேல் வந்து உட்காரும். எவ்வளவு பெரிய யோசனை! என் வகுப்பில் அது 'ய ள ன க ப' என்ற வாய்ப்பாடு மட்டும். ஏன் புள்ளியை முதலில் அடிக்கிறோம் என்று ஒருத்தராவது கேட்டிருந்தால், அது உருளைக்காகச் செய்த ஏற்பாடு, மொழிக்காக அல்ல என்று சொல்லியிருக்கலாம். 1999இல் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதில் மெய்யை அடித்து உயிரை அடித்தால் உயிர்மெய் தானே வரும், பள்ளிக்கூடத்தில் படித்த வரிசையிலேயே. பரீட்சையில் கேட்கவில்லை என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. 2010இல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது. உருளையே இல்லாத இயந்திரத்தில் என் பிள்ளைகள் உருளைக்காகக் கற்ற வழக்கத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பழைய பலகையையே போலச் செய்யும் மென்பொருள் இருப்பதால் இன்றைக்கும் பலர் சமாளிக்கிறார்கள். சமாளிப்பு என்றுதான் அதைச் சொல்ல முடியும்.

1955இல் இந்தியாவில் டைப்ரைட்டர் செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் 2009இல் அதை நிறுத்திவிட்டது. செய்தி பெரிதாகப் பரவியது 2011இல். ஒரு பையன் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினான். "மெஷின் நின்னா என்னடா, பரீட்சை நிக்கலியே" என்றேன். அதே வருஷம் செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. கேலி என்னவென்றால், நான் சொன்னது பலித்துவிட்டது. பரீட்சை நிற்கவில்லை. குரூப் 4 தட்டச்சர் பதவிக்குச் சான்றிதழ் வேண்டும். அதனால் இன்றைக்கும் என் மாடியில் கூட்டம் இருக்கிறது.

இனிப் பதினோரு பேரின் கதை.

2001 வாக்கில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஒரு வேலை சென்னையில் பரபரப்பாக இருந்தது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுக் குறிப்பைப் பேசிப் பதிவு செய்வார்கள். ஒலி இரவோடிரவாக இங்கே வரும். காதில் ஹெட்போன், காலுக்குக் கீழே ஒரு மிதி. மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும். கேட்டுக் கேட்டு அடிக்க வேண்டும். சம்பளம் கேள்விப்பட்டதும் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஹையர் முடித்த பிள்ளைகளில் வேகமான பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துத் தேர்வுக்கு அனுப்பினேன். கல்யாணமாகி ஊரிலேயே இருந்த ஆடிட்டர், யார் சொல்லியோ கேள்விப்பட்டு, தானும் வருகிறேன் என்று பதினோராவதாகச் சேர்ந்துகொண்டாள். வேகத்தில் அவள்தான் கடைசி.

தேர்வானதும் அவள் ஒருத்திதான்.

மற்ற பத்துப் பேரும் காதில் விழுந்ததையெல்லாம் அடித்து நிரப்பியிருந்தார்கள். புரியாத இடத்தில் ஊகத்துக்கு ஏதோ ஒரு சொல். ஒரு வரிகூட விடவில்லை, வேகம் அபாரம். அவள் மூன்று இடத்தை வெறுமனே விட்டு, பக்கத்தில் சந்தேகக் குறி போட்டிருந்தாள். அந்தத் தொழிலின் முதல் விதியே அதுதானாம்: கேட்காததை அடிக்காதே, இடம் விட்டுக் குறித்து வை. நோயாளி உடம்பு சம்பந்தப்பட்டது. என் பத்துப் பேருக்கு அப்படி நிறுத்தலாம் என்பதே தெரியாது. நின்றால் என்ன கிடைக்கும் என்பதை அவர்கள் என் கையில் பார்த்திருக்கிறார்கள்.

ஆடிட்டர் என்னை வந்து பார்த்தது 2023இல். தலையில் கொஞ்சம் நரை. கீழே கடையில் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். கதையாகச் சொன்னாள். சில வருஷத்தில் பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் மென்பொருள் வந்தது. வரிக்கு இவ்வளவு என்று அடித்தவர்களுக்குக் கூலி குறைந்தது, பலர் விலகினார்கள். இவளை மென்பொருள் எழுதியதைத் திருத்தும் இடத்துக்கு மாற்றினார்கள். இப்போது டாக்டரும் நோயாளியும் பேசிக்கொள்வதைக் கேட்டே செயற்கை நுண்ணறிவு குறிப்பு எழுதிவிடுகிறது. இவள் அதைச் சரிபார்க்கிறாள். புதிதாக வருபவர்களுக்கு எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறாள்.

"எங்க சந்தேகப்படணும்?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

ஓர் உதாரணம் சொன்னாள். இங்கிலீஷில் 'இலியம்' என்று ஒரே ஒலியில் இரண்டு சொல். நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஒன்று சிறுகுடலின் கடைசிப் பகுதி, இன்னொன்று இடுப்பெலும்பு. "மெஷினு தடுமாறவே தடுமாறாது சார், அதான் பிரச்சினை. தப்புனாலும் அழகா, நிறுத்தாம எழுதிட்டுப் போயிரும். கீழ விழுந்து அடிபட்டவருன்னு மேல இருக்கும், குடல்னு கீழ இருக்கும். மேலயும் கீழயும் சேத்துப் படிச்சாத்தான் இடிக்கும்."

நிறுத்தாமல், தடுமாறாமல், அழகாக அடித்துக்கொண்டே போவது. நான் பிள்ளைகளை அப்படித்தானே ஆக்கப் பார்த்தேன்? அந்த வேலைக்கு அவர்களைவிடத் தோதான ஆள் இப்போது வந்துவிட்டது. கூலியும் கேட்காது.

கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கூட்டல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு சார். ஆயிரத்து நூத்தி நாப்பது." மனசில் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சா?" என்று கேட்டேன்.

மற்ற பத்துப் பேரில் இருவர் அரசு அலுவலகத்தில் இருக்கிறார்கள். ஒருத்தர் ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். ஆறு பேரைப் பற்றித் தகவல் இல்லை. ஒருத்தி, இதைச் சொல்லியாக வேண்டும், தீப்பெட்டி ஆபீசில் இருக்கிறாள். ஃபேன் காற்றில் வேலை பார்க்க வேண்டும் என்று அவள் அம்மா என்னிடம் கொண்டுவந்து விட்டவள்தான். அம்மா விரலால் அடுக்கிய குச்சியை இப்போது இயந்திரம் அடுக்குகிறது. மகள் அதன் பக்கத்தில் நின்று, அடைத்துக்கொண்டால் தட்டிவிடுகிறாள். என்னிடம் வாங்கிய ஹையர் சான்றிதழ் வீட்டில் பீரோவில் இருக்கிறதாம். இதற்கெல்லாம் நான் ஒருவன்தான் காரணம் என்றும் சொல்ல மாட்டேன். கல்யாணம், கடன், ஊர், அதிர்ஷ்டம் எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்வதும் ஒருவிதப் பெருமைதான். ஆனால் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

என் அண்ணன் பேத்தி இன்ஜினியரிங் படிக்கிறாள். 2022இல் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் வழியாகச் சில பயிற்சி, வெளியே ஒரு தனியார் மையத்தில் காசு கட்டி ஒன்று. அந்த மையத்தில் கொடுத்த நோட்டைக் காட்டினாள். செயற்கை நுண்ணறிவிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஐம்பது வாக்கியம், வகை பிரித்து. கடிதமா, இந்த வாக்கியம். அறிக்கையா, இந்த வாக்கியம். மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். எனக்கு முதுகில் சில்லென்றது. பத்து, இருபத்தெட்டு, நாற்பது, ஐம்பத்திரண்டு. கையெழுத்துதான் வேறு, நோட்டு என்னுடையது. "இந்த மென்பொருள் போயிட்டா இதுல எது மிச்சம் நிக்கும்னு உங்க சாரைக் கேளு" என்றேன். கேட்டாளாம். பரீட்சைக்கு அது வராது என்றாராம். அந்த வாத்தியாரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

எனக்கு அறுபத்தாறு வயசு. இன்னும் இன்ஸ்டிட்யூட்டை மூடவில்லை. மூடிவிட்டு இதை எழுதியிருந்தால் இன்னும் கௌரவமாக இருந்திருக்கும். போர்டில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' இப்போதும் இருக்கிறது. செருப்புப் பலகை இருக்கிறது, அந்தப் பேச்சை மட்டும் விட்டுவிட்டேன். 2023க்குப் பிறகு ஒரு காரியம் செய்துவருகிறேன். சனிக்கிழமை தோறும் ஸ்டேட்மென்ட் தாளில் ஏதாவது ஓர் இடத்தில் வேண்டுமென்றே தப்பு வைக்கிறேன். கூட்டல் தப்பு, மாவட்டத்தின் பெயர் இடம் மாறியது, பிப்ரவரி 30ஆம் தேதி இப்படி. யாரிடமும் சொல்லவில்லை. யாராவது நிறுத்துகிறார்களா என்று பார்ப்பேன். முதல் வருஷம் முழுக்க ஒருவரும் நிறுத்தவில்லை. பிப்ரவரி 30ஐப் பதினாறு பேர் அழகாக நடுவில் வைத்து அடித்துக் கொடுத்தார்கள். பிறகு விஷயத்தைச் சொல்லிக் கண்டுபிடிக்கச் சொன்னேன். கண்டுபிடித்தார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் ஒரு தகப்பனார் வந்து, "பரீட்சைக்கு நாள் இல்ல சார், வெளையாட்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மகளை எதிர்த்தெருவுக்கு மாற்றிக்கொண்டார். அந்த மாதம் கையைக் கடித்தது. இரண்டு சனிக்கிழமை தப்பு வைக்காமல் நல்ல தாளாகவே கொடுத்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை மறுபடி வைத்தேன். எதுவும் சொல்லாமல், கூட்டலில். ஏழு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் ஒன்று நின்றது. புதுப் பையன், சேர்ந்து மூன்று வாரம்தான் இருக்கும். விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாளைப் பார்த்தான். உதடு அசைந்தது, மனசுக்குள் கூட்டுகிறான் என்று தெரிந்தது. நான் இருந்த இடத்தில் அசையாமல் இருந்தேன். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மேசை மேல் மரஸ்கேல் கிடந்தது, அதையும் பார்த்தான். பிறகு குனிந்து, தாளில் இருந்த எண்ணை அப்படியே அடித்தான்.